மூணாம் குளத்து ரிலே

ராத்திரி ஒன்னே முக்கால் மணி. கடல் சுவரை ஒட்டிப் போற குளத்து ரோடு... ரெண்டு பக்கமும் மீன் குளம். நடுவுல ஒரு வண்டி போற அளவுக்குத்தான் தார். எதிர்ல இன்னொரு வண்டி வந்தா யாராவது ஒருத்தர் பின்னாலயே போயாகணும். ஆனா அந்த நேரத்துக்கு அங்க எதிர்ல யார் வரப் போறாங்க...

கதவைச் சாத்துங்கப்பா, சாரல் அடிக்குது. வெள்ளத்தை வெளிய தள்ற நம்ம பம்ப் அஞ்சும் நல்லாத்தான் ஓடுது. புயல் கரை ஏற இன்னும் நாலு மணி நேரம் இருக்கு, அதுவரைக்கும் தூங்கவும் முடியாது. கேளுங்க.

இது நம்ம பகல் ஷிஃப்ட் செங்-யீயோட தாய்மாமனுக்கு நடந்தது. பேரு ஆ-கூன். கோயிலுக்கு எதிர்ல பைப்பு, மோட்டார், வயரிங் சாமான் கடை வச்சிருக்கானே, அவன்தான். வயசுல எனக்குச் சின்னவன், அதனால அவன் இவன்னே சொல்றேன். இந்தக் கரையில பாதிக் குளத்துக்கு வயரிங் பண்ணினது அவன் கைதான்.

அன்னிக்கு அவன் போனது போ-ஜூ அண்ணியோட குளத்துக்கு. அண்ணிக்கு நாலு குளம். அதுல மூணாவது குளத்துல இருக்குற ரெண்டு சக்கரத்துல ஒன்னு மூணு நாளா ராத்திரி ரெண்டே கால் ஆனா நின்னுடுது. குளத்துல மிதக்குற சக்கரம் தண்ணியை அடிச்சு அடிச்சுக் காத்தை உள்ள தள்ளினாத்தான் மீனுக்கு மூச்சு. கோடை ராத்திரியில அதுல ஒன்னு ஒன்றரை மணி நேரம் நின்னாப் போதும், விடியும்போது குளம் முழுக்க வெள்ளை வயிறா மிதக்கும்.

சக்கரத்தை நிறுத்துறது ஓவர்லோடு ரிலே. மோட்டாருக்குச் சுமை கூடி கரன்ட்டை அதிகமா இழுத்தா, கருகறதுக்கு முன்னாடி அதுவே துண்டிச்சிடும். அப்புறம் ஒரு ஆள் போய் நீலப் பட்டனைக் கையால அமுக்கினாத்தான் மறுபடி ஓடும். நல்ல சாமான்தான். ஆனா நம்ம பக்கத்துல எந்தக் குளத்துக்காரனுக்கு அதைப் பிடிக்கும்? மோட்டார் கருகினா ஒரு மோட்டார் போச்சு. ரிலே விழுந்து கரன்ட் துண்டான நேரம் பாத்து ஆளு அசந்து தூங்கிட்டா ஒரு வருஷ மீன் போச்சு. அதுக்கு நம்ம ஆளுங்க ஒரு வைத்தியம் வச்சிருக்காங்க... அதுக்கு வர்றேன்.

முதல் நாள் ஆ-கூன் பகல்லயே வந்து புது ரிலே மாட்டினான். முறையாத்தான் மாட்டினான். பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டு, டெஸ்டரை மூணு கம்பியிலயும் வச்சுப் பாத்து, அப்புறம்தான் பெட்டிக்குள்ள கை விட்டான். மோட்டார் மேல இருந்த தகட்டுல மூணு புள்ளி மூணு ஆம்பியர்னு போட்டிருந்தது. ரிலே முள்ளையும் அதுலயே வச்சான், ஒரு இம்மி கூட்டல. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ரெண்டு தடவை இறுக்கினான். டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாத்தான், டக்குனு விழுந்துச்சு. எல்லாம் சரி.

ராத்திரி ரெண்டே கால். நின்னுடுச்சு.

ரெண்டாவது நாள் மோட்டாரையே மாத்தினான். ரெண்டே கால்... அதே கதை. அதான் மூணாவது ராத்திரி, அந்த நேரத்துலயே போய்ப் பாத்துடலாம்னு கிளம்பினான். போக இஷ்டம் இல்ல அவனுக்கு. வீட்ல அவன் பொண்டாட்டி மெய்-யுன் கஞ்சி ஊத்தி வச்சிருந்தா, ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. ஏன்னா அந்த மூணாம் குளத்துலதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போ-ஜூ அண்ணியோட புருஷன் ஆ-தியாம் செத்துப் போனார். ராத்திரி, ரெண்டே கால் வாக்குல... சக்கரத்துல பாசி சுத்திக்கிச்சுன்னு இடுப்பளவு தண்ணியில இறங்கினவர். விடிஞ்சப்போ சக்கரத்துக்குப் பக்கத்துல குப்புற மிதந்தார். கால் வழுக்கி விழுந்து மூச்சு முட்டிட்டார்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தாங்க.

ஆ-கூனுக்கு அது அப்படி இல்லன்னு தெரியும். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

வண்டியை நிறுத்தினப்போ மணி ரெண்டு. அண்ணி பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தா. தலையில டார்ச். கால்ல முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

"சாப்டியா ஆ-கூன்?"

"ஆச்சு அண்ணி."

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியல. சரி, பாரு."

பெட்டியைத் திறந்து வெளிக் கம்பி மேல, கரன்ட் எவ்வளவு போகுதுன்னு காட்டுற கிளாம்ப் மீட்டரைக் கவ்வ விட்டான். ரெண்டு புள்ளி ஒன்பது. சக்கரம் தடதடன்னு அடிச்சுட்டு இருந்துச்சு. மீன் தீவன வாடை, பாசி வாடை, உப்பு... எப்பவும் உள்ளதுதான்.

ரெண்டு மணி பதினாலு. ரெண்டு புள்ளி ஒன்பது.

பதினஞ்சு... மூணு புள்ளி ஒன்னு. மூணு புள்ளி ஆறு. சக்கரத்தோட சத்தம் மாறிச்சு. தட தடன்னு இருந்தது... தட்... தட்... நாலு புள்ளி நாலு. டார்ச்சை அடிச்சான். சக்கரம் சுத்துது, ஆனா இழுத்துக்கிட்டு சுத்துது. இடது பக்கம் தண்ணியில நல்லாவே தாழ்ந்து கிடக்கு. பாசி இல்ல. வலை இல்ல. ஒன்னும் இல்ல. அஞ்சு புள்ளி ரெண்டு.

டக்.

சக்கரம் நின்னுச்சு. தாழ்ந்திருந்த பக்கம் மெதுவா மேல வந்துச்சு... எதையோ தொங்க விட்டுட்டு, அது கை நழுவின மாதிரி.

அண்ணி எழுந்து போய் நீலப் பட்டனை அமுக்கப் பாத்தா. அமுங்கல. ரிலே சூடு ஆறணும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினா. ஓடுச்சு. ரெண்டு நிமிஷம்... டக்.

"பாத்தியா" அப்படின்னா. குரல்ல பயமே இல்ல. "ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம். அவர் ஏறி வர்றதுக்குள்ள உன் ரிலே விழுந்துடுது."

"அண்ணி..."

"ஆறாம் மாசம் கோயில் வாசல்ல அவருக்குக் காகிதச் சக்கரம் நட்டேன். நீயும்தான் வந்திருந்த."

நட்டிருந்தா. இந்தக் கரையில பொறந்த எல்லாருக்கும் அது தெரியும். தண்ணியில செத்தவங்களுக்கு ஆள் உசரத்துக்கு மூங்கில்லயும் காகிதத்துலயும் உருளை பண்ணி, வரிசையா நட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையால சுத்துவாங்க. அவங்க அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் மேல ஏறுவாங்கன்னு. ஏறினா கைக்குத் தெரியும்... கனக்கும்.

"ரெண்டு வருஷமும் சுத்தினேன். வெறும் காகிதமாத்தான் சுத்துச்சு. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கனத்துது, எனக்கு மட்டும் இல்ல. இப்போதான் புரியுது. அவருக்குக் காகிதச் சக்கரம் பத்தாது. அவர் இங்க புடிச்சுத் தொங்கிட்டு இருக்கார்." டார்ச்சை அவன் மூஞ்சிக்கு நேரா திருப்பினா. "அந்த ரிலேயை எடுத்துடு. இல்லன்னா நேரா வயர் போட்டு விடு. நிக்காம சுத்தட்டும். உனக்குத்தான் தெரியுமே அந்த வேலை."

அதுதான் அந்த வைத்தியம். ரிலேயோட ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர். போட்டுட்டா ரிலே விழுந்தாலும் சக்கரம் நிக்காது. மோட்டார் கருகற வரைக்கும் ஓடும். கருகினதுக்கு அப்புறமும் ஓடும்... கம்பிச் சுருள் மேல பூசின வார்னிஷ் எரிஞ்சு, கரன்ட் மோட்டார் உடம்புக்கு வந்து, அங்கிருந்து தண்ணிக்கு வந்தாலும் ஓடும். கசிவு பாத்து விழற பிரேக்கரை நம்ம ஆளுங்க எவனும் வைக்கிறதில்ல, உப்புக் காத்துக்குச் சும்மா சும்மா விழுதுன்னு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆ-தியாமே கேட்டுத்தான் ஆ-கூன் அந்த வயரைப் போட்டான். சாவுச் செய்தி கேட்டு விடியக் காலம் முதல் ஆளா ஓடி வந்தவனும் அவன்தான். எல்லாரும் உடம்பைத் தூக்கிட்டு இருந்தப்போ அவன் பெட்டியைத் திறந்து, துண்டு வயரைக் கழட்டி, பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

"மாட்டேன் அண்ணி" அப்படின்னான்.

"ஏன்?"

வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. கோழைப் பய, வேற என்ன சொல்றது. "கரன்ட் வேணாம். கையால சுத்துவோம். கோயில்ல சுத்துற மாதிரி" அப்படின்னான்.

அண்ணி குளத்தைத் திரும்பிப் பாத்தா. "மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டு சக்கரமும் நின்னா முக்கால் மணி. அதுக்கு மேல ஒன்னும் மிஞ்சாது. சரி, இறக்கு."

இன்னொரு சக்கரமும் நிக்கணும். ரெண்டு பிரேக்கரையும் இறக்கினான், பூட்டினான், டெஸ்டரை வச்சான். ஒன்னும் இல்லன்னு நிச்சயமானதும் மறுபடி ஒரு தடவை வச்சான். அப்புறம் கயித்தைப் புடிச்சு சக்கரத்தைக் கரை வரைக்கும் இழுத்து, மோட்டாரோட சேந்திருந்த கப்ளிங்கைக் கழட்டி விட்டான். இப்போ சக்கரம் விரலால தள்ளினா சுத்தும். தள்ளினான், சுத்துச்சு.

அவ்வளவு நேரம் சத்தத்துலயே இருந்துட்டு திடீர்னு அமைதி... அந்த அமைதியில மீன் ஒன்னொன்னா மேல வந்து வாயைத் திறக்குறது கேட்டுச்சு. ப்ளப்... ப்ளப்...

ரெண்டு பேரும் கரையில மண்டி போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு சுத்தினாங்க. அண்ணி பேர் சொல்லிக் கூப்பிட்டா. "ஆ-தியாம்... கரைக்கு வாங்க. நம்ம பையன் தைபேயிலேந்து வந்திருக்கான், கரைக்கு வாங்க."

நாலு சுத்து, அஞ்சு சுத்து. ஆறாவது சுத்துல நின்னுடுச்சு.

நின்னுச்சுன்னா... கல்லுல முட்டின மாதிரி இல்ல. கொஞ்சம் குடுக்குது, மறுபடி இழுக்குது. அந்தப் பக்கம் கை இருக்கு. ஆ-கூனுக்கு விட்டுட்டு ஓடலாம்னா அண்ணி எதிர்ல இருக்கா.

"நீயும் கூப்பிடு."

"ஆ-தியாம் அண்ணே... கரைக்கு வாங்க."

அசையல.

"சரியாக் கூப்பிடு. நீ அவருக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொல்லு."

ப்ளப் ப்ளப்புனு சத்தம் இப்போ குளம் முழுக்கக் கேக்குது. டார்ச் வெளிச்சத்துல ஆயிரம் வாய். சக்கரம் நகரல, நேரம் ஓடுது. அப்போதான் ஆ-கூன் சொன்னான். எல்லாத்தையும். வயர் போட்டதை, போடக் கூடாதுன்னு தெரிஞ்சே போட்டதை, அன்னிக்குக் காலையில கழட்டினதை. சொல்லும்போது அழல. சக்கரத்தைப் பாத்துட்டே சொன்னான்.

அண்ணி சக்கரத்தை இன்னும் இறுக்கிப் புடிச்சா. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"வேற யார் குளத்துல போட்டிருக்க?"

"இல்ல அண்ணி. இங்க மட்டும்தான்."

அதைச் சொன்ன நொடியில சக்கரம் விட்டுக் குடுத்துச்சு. மொத்தமா. ரெண்டு பேரும் மல்லாந்து விழுந்தாங்க. தண்ணியில ஒரு பெரிய அலை... கரையில தப்புனு ஏதோ ஏறின சத்தம். ஆ-கூன் மூக்குல கருகின வார்னிஷ் வாடை குப்புனு அடிச்சுட்டுப் போச்சு. மோட்டார் எரிஞ்ச வாடை. அங்க எந்த மோட்டாரும் எரியல.

அண்ணி எழுந்தா. டார்ச் வெளிச்சத்தைத் தரையில அடிச்சா. சிமென்ட்ல ஈரக் காலடி. வெறுங்கால். ஒரு ஆம்பளையோடது.

"வந்துட்டீங்களா" அப்படின்னா, ரொம்ப மெதுவா. கரையிலயே இருக்குற வீட்டு வாசல்ல விளக்குப் போட்டு வச்சிருந்தா, செருப்பு எடுத்து வச்சிருந்தா. மேசை மேல சோறு, பொரிச்ச மீன், கொஞ்சம் அரிசி ஒயின்... எல்லாம் மூடி வச்சிருந்தா.

காலடி வீட்டுப் பக்கம் போகல. ரோட்டுக்குப் போச்சு. ரோட்டுல வடக்கே திரும்பிச்சு.

"அங்க எங்க போறார்?" அப்படின்னா அண்ணி. அப்போதான் அவ குரல் உடைஞ்சுது. "வீட்டுக்கு வராம அங்க எங்க போறார், ஆ-கூன்?"

ஆ-கூன் சக்கரத்துக்கிட்டத் திரும்பிப் போனான். கப்ளிங்கை மாட்டினான், பூட்டை எடுத்தான், ரெண்டு சக்கரத்தையும் ஓட விட்டான். மீன் பிழைச்சுக்கிச்சு. அப்போ அவன் போன் அடிச்சுது. வடக்கே முதல் குளம், கிழவர் ஹோங்.

"ஆ-கூன், தூங்கறியா? என் சக்கரம் திடீர்னு நின்னுடுச்சுடா. பெட்டி கிட்டப் போகப் பயமா இருக்கு, சுத்தி ஒரே தண்ணியாக் கிடக்கு."

போனை வச்சான். அண்ணி அவனையே பாத்துட்டு நின்னா. எதிர்முனையில பேசினது அவளுக்கும் கேட்டிருக்கு.

"இங்க மட்டும்தானா?" அப்படின்னா.

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்த வயர் போட்டது இதைத் தவிர இன்னும் பத்து குளத்துல. எந்தெந்தக் குளம்னு எந்தச் சீட்டுலயும் கிடையாது, அவன் மண்டைக்குள்ளதான்.

"போ. அவர் வேகமா நடப்பார்."

வண்டியை எடுத்தான். ஹோங் கிழவர் பெட்டியைத் திறந்தா, பிரேக்கர் இறக்கியிருந்தது. அந்தத் துண்டு வயர் கழட்டி, அழகா வளையமாச் சுருட்டி, பெட்டி மேல வச்சிருந்தது. ஈரமா. கழட்டின இடத்துல ஸ்க்ரூ ரெண்டும் திரும்ப இறுக்கியிருந்தது. ரிலே முள்ளு சரியான ஆம்பியர்ல நின்னுச்சு... அவன் அன்னிக்குக் கூட்டி வச்ச இடத்துல இல்ல. தகட்டுல போட்டிருந்த எண்ணுல. ஆ-கூன் செய்ய ஒன்னும் மிச்சமில்ல, பிரேக்கரைத் தூக்கினான், சக்கரம் ஓடுச்சு.

அதுக்குள்ள அடுத்த போன். அடுத்த குளம். அங்கயும் அப்படியே, பிரேக்கர் கீழ, வயர் சுருட்டி, ஈரம். அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு இடத்துலயும் இவன் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிருக்கும். சிமென்ட்ல காலடி மட்டும் இருக்கும், ஓரம் இன்னும் காயாம. இவன் வண்டியில போறான், அவர் நடந்து போறார்... முந்த முடியல. ஒரு தடவை ரோட்டுல ஹெட்லைட் வெளிச்சம் முடியற இடத்துல ஒரு முதுகு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கால் வரலையாம்.

ஒன்பது குளம். பத்தாவது மட்டும் தெற்குக் கோடியில, பழைய இடுகாடு தண்ணிக்குள்ள போச்சே, அதுக்குப் பக்கத்துல. அங்கேந்து போன் வரல. மணி நாலே முக்கால். ஆ-கூன் தானாவே போனான்.

சக்கரம் ஓடல. பெட்டிக் கதவு திறந்திருந்தது. இறங்கினான், டார்ச்சை அடிச்சான். பிரேக்கர் கீழ இருக்கு. துண்டு வயர் இன்னும் ரிலேயில இருக்கு, ஒரு முனை விடுபட்டுத் தொங்குது. இன்னொரு முனையில இருந்த ஸ்க்ரூ... சுத்திட்டு இருந்துச்சு. மெதுவா. இடப் பக்கமா. தானா.

ஓடியிருக்கலாம். ஓடல அவன். எனக்கு அந்த இடத்துல அவன் மேல கொஞ்சம் மரியாதை உண்டு.

"விடுங்க அண்ணே" அப்படின்னான். "இதை நான் கழட்டுறேன்."

ஸ்க்ரூ நின்னுச்சு.

பாக்கெட்லேந்து டெஸ்டரை எடுத்து மூணு கம்பியிலயும் வச்சுப் பாத்தான். அந்த நேரத்துலயும் அதை மட்டும் விடல. ஸ்க்ரூடிரைவரை வச்சான். ஒரு சுத்து, ரெண்டு சுத்து. வயர் கைக்கு வந்துச்சு. ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்கினான். தகட்டைப் பாத்து முள்ளைத் திருப்பினான். அப்போ அவன் பின்னங்கழுத்துல, சட்டைக் காலருக்குள்ள, ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. ஜில்லுனு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சொட்டு. தோளுக்கு மேல குனிஞ்சு, வேலையைச் சரியாப் பண்றானான்னு யாரோ பாக்குற தூரத்துலேந்து.

அவன் திரும்பிப் பாக்கல.

மழை இல்லாத நாள் அது. செங்-யீ சொல்றான்... இன்னிக்கும் மாமா எந்த வேலைக்குப் போனாலும், எந்த வெயில்லயும், பெட்டியைச் சாத்திட்டு வெளிய வர்றப்போ சட்டைக் காலர் பின்னால மட்டும் நனைஞ்சிருக்குமாம். அவன் அதைத் துடைக்கிறதே இல்லையாம்.